ஐரோப்பாவில் வளர்ந்த ஜாவா காடு

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க முடியாது. கிட்டப்போனால் ஒரு மூலைதான் கண்ணுக்குள் அடங்கும். உயரம் 300 சென்டிமீட்டர், அகலம் 396. அடிக்கணக்கில் பத்துக்குப் பதின்மூன்று. சாதாரண அடுக்குமாடி வீட்டு ஹாலில் மாட்டினால் சுவரே தெரியாது. பின்னால் காடு எரிகிறது. முன்னால் பள்ளம். நடுவே மிஞ்சியிருக்கும் பாறை விளிம்பில் புலி, மான், காட்டெருது எல்லாம் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. வேறொரு நாளாக இருந்தால் மானைக் கிழித்துப் போட்டிருக்கும் புலிக்கு இன்று மான் ஒரு பொருட்டே இல்லை. படத்தில் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது.

டச்சு மொழியில் படத்தின் பெயர் ‘போஸ்பிராண்ட்’. காட்டுத்தீ என்று பொருள். வரைந்த ஆண்டு 1849. வரைந்தவர் ராடென் சாலே, ஜாவாவின் செமராங் பக்கத்துப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. ஐரோப்பாவில் முறையாகப் பயின்று, அங்கேயே பெயரும் வாங்கிய முதல் தென்கிழக்காசிய ஓவியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். இன்றைய இந்தோனேசியாவின் நவீன ஓவியக் கதை இவரிடமிருந்துதான் தொடங்கும்.

இவ்வளவு தெரிந்ததும் மனம் உடனே ஒரு முடிவுக்குப் போகும். ஜாவாக்காரர், ஜாவா காட்டைப் பார்த்து வளர்ந்தவர், ஊர் நினைப்பில் தீட்டியிருக்கிறார் என்று தோன்றும். அன்றைய ஐரோப்பிய ரசிகர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். புலிகள் உலவும் தேசத்திலிருந்து வந்த இளவரசர் புலியை வரைந்தால் அதில் பொய் இருக்குமா? ஆனால் இந்தப் படத்தின் காடு ஐரோப்பாவில் விளைந்தது. 1829-இல், இருபதை ஒட்டிய வயதில் கப்பலேறிய சாலே, 1849-இல் இதை முடிக்கும்போது ஊரைப் பார்த்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அவர் கப்பலேறிய கதையே விசித்திரம். பெல்ஜியத்து ஓவியர் பாயென் ஜாவாவில் டச்சு அரசுக்காக இயற்கைக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்தவர். சிறுவன் சாலேயின் கையைப் பார்த்துத் தன்னிடம் வைத்துக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு டச்சு நிதித்துறை அதிகாரி தாய்நாடு திரும்பினார். போகிற வழியில் அவருக்கு ஜாவா மொழியும் பழக்கவழக்கங்களும் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குச் சாலே போனார். ஓவியம் படிக்கப் போனவர் அல்ல. தி ஹேக் நகரத்தில் இறங்கிய பிறகுதான் குருஸமனிடம் உருவப்படமும் ஸ்கெல்ஃப்ஹவுட்டிடம் நிலக்காட்சியும் பயின்றார். அரசு உதவித்தொகை கிடைத்தது. திரும்பிப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போனது.

சரி, மிருகங்களை எங்கே கற்றார்? சர்க்கஸில். மார்சேய் நகரத்து ஆன்ரி மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கம் புலிகளை அடக்கி வித்தை காட்டுவதில் ஐரோப்பா முழுக்கப் பிரபலம். அவருடைய மிருகங்கள் தி ஹேக்குக்கு வந்தபோது சாலே கூண்டருகே உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்தார். அதுவரை மனித முகங்களும் மரங்களும் வரைந்தவருக்கு வாழ்நாள் விஷயம் அங்கேதான் கிடைத்தது. ஜாவாவில் சிங்கமே கிடையாது என்பதைச் சேர்த்து யோசித்தால் இதன் வேடிக்கை புரியும். ஜாவாக்காரர் ஒருவர், மார்சேய்க்காரர் ஒருவரின் ஆப்பிரிக்கச் சிங்கத்தை டச்சு ஊரில் கூண்டுக்குள் பார்த்து வரைகிறார். வாங்குகிறவர்கள் அதைக் கீழ்த்திசையின் உண்மைக் காட்சி என்று வாங்கிப்போகிறார்கள்.

இதில் சாலே மட்டும் விதிவிலக்கில்லை. ரொமான்டிக் காலத்து விலங்கு ஓவியம் முழுவதுமே கூண்டிலிருந்து வந்ததுதான். அறிவும் ஒழுங்கும் அளவும் என்று இருந்த பழைய ஓவிய இலக்கணத்தை உடைத்து, உணர்ச்சிக் கொந்தளிப்பையும் இயற்கையின் மூர்க்கத்தையும் முன்னால் கொண்டுவந்த தலைமுறை அது. காட்டு மிருகம் அவர்களுக்கு வாகான பாத்திரம். நாகரிகம் தொடாத கோபம் வேண்டும், பயம் வேண்டும்; அதே சமயம் பார்க்கிறவர் பத்திரமாக இருக்கவும் வேண்டும். ஆபத்து நம்மைத் தொடாத தூரத்தில் இருந்தால் பயங்கரமே ஒரு பரவசமாகிவிடும் என்று 1757-லேயே சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் விளக்கி எழுதிவிட்டார். மிருகக்காட்சிச் சாலையின் கம்பி அந்தத் தூரத்தை அளந்து கொடுத்தது.

பாரிசில் ஓவியர் டெலாக்ருவாவும் சிற்பி பாரியும் அங்குள்ள தாவரத் தோட்டத்து மிருகசாலைக்குச் சேர்ந்தே போவார்கள். 1829-இல் அங்கே ஒரு சிங்கம் செத்தது. உடனே டெலாக்ருவா நண்பருக்குச் சீட்டு எழுதினார்: சிங்கம் செத்துவிட்டது, ஓடி வா, வெயில் வேறு அடிக்கிறது. அழுகுவதற்குள் தோலுக்கு அடியில் தசை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய புகழ்பெற்ற படத்தில் குட்டிப்புலியொன்று தாயோடு விளையாடுகிறது. அதை அவர் வரைந்து முடித்தது மறு வருடம், 1830-இல். அந்தத் தாய்ப்புலி கால் நீட்டிப் படுத்திருக்கும் சுகத்தைப் பார்த்தால் வீட்டுப் பூனை ஞாபகம்தான் வரும். பூனையையும் பார்த்து வரைந்தவர்தான் அவர்.

கூண்டுக்குள் மிருகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காலனிகளிலிருந்து. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கிப்புலியைப் பரிசாகக் கொடுத்தார். 1764-இல் விண்ட்சர் பூங்காவில் வலை கட்டி, உள்ளே ஒரு மானை விட்டு, அது எப்படி வேட்டையாடும் என்று காட்டப் பார்த்தார்கள். மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்றது, சிவிங்கி பின்வாங்கிவிட்டது. இந்தியாவிலிருந்து கூடவே போன இரண்டு பராமரிப்பாளர்களையும் சேர்த்து ஜார்ஜ் ஸ்டப்ஸ் இதைப் படமாக்கினார். இப்போது அது மான்செஸ்டரில் இருக்கிறது. அவமானப்பட்ட சிவிங்கி படத்தில் கம்பீரமாகத்தான் நிற்கிறது. ஓவியருக்குச் சம்பளம் அதற்குத்தானே.

ஆகக் கவர்னர் மிருகத்தை அனுப்புவார், ஓவியர் வரைவார், அதிகாரத்தில் இருப்பவர் மாட்டிக்கொள்வார். சாலேயின் விசேஷம், காலனியிலிருந்து மிருகம் வந்த அதே வழியில் ஓவியரே வந்து சேர்ந்தது. 1839-இல் ஜெர்மனிக்குப் போனவர் டிரெஸ்டனில் சில வருடம் தங்கினார். ஜெர்மன் ரொமான்டிக் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷின் கடைசி நாட்கள் கழிந்துகொண்டிருந்த நகரம் அது. அங்கே சாலே இளவரசர் ஆனார். அங்கி, தலைப்பாகை, கிரிஸ் கத்தி என்று எந்த ஒரு நாட்டுக்கும் முழுசாகச் சொந்தமில்லாத உடை அணிந்து விருந்துகளுக்குப் போனார். சாக்ஸ்-கோபர்க் பிரபு குடும்பம் நண்பராக்கிக்கொண்டது. டிரெஸ்டனுக்கு அருகே மாக்ஸென் கிராமத்தில், அவரை உபசரித்த குடும்பம் அவர் நினைவாகச் சின்ன மசூதி வடிவில் ஒரு மண்டபமே கட்டியது. இறைவனைப் போற்று, மனிதரை நேசி என்று ஜெர்மானியத்திலும் ஜாவா மொழியிலும் பொறித்து வைத்தார்கள். இன்றும் அது அங்கே நிற்கிறது.

இதை வேஷம் என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழ்த்திசை பற்றி ஐரோப்பா கண்ட கனவுக்கு உடல் தேவைப்பட்டது. சாலே அதை வாடகைக்கு விட்டார், நல்ல வாடகைக்கு. கையில் தொழில் இல்லாமல் உடையை மட்டும் வைத்து அப்படி வாழ்ந்திருக்க முடியாது. சிங்க வேட்டை, புலி வேட்டை, காண்டாமிருகத்தோடு மோதும் இரண்டு புலிகள் என்று கேட்டவர்களுக்குக் கேட்டதை வரைந்து கொடுத்தார்.

1845 வாக்கில் பாரிஸ் போனார். அங்கே அவர் பார்த்த படங்களின் அளவே வேறு. பிரெஞ்சு ரொமான்டிக் ஓவியர்கள் ஒரு காலத்தில் சாமி படத்துக்கும் சரித்திரப் போருக்கும் மட்டும் ஒதுக்கிய பிரம்மாண்டத் துணியை நடப்புச் செய்திக்குத் திருப்பியிருந்தார்கள். ஜெரிக்கோவின் ‘மெடூசாவின் தெப்பம்’ ஐந்து மீட்டர் உயரம், ஏழு மீட்டர் அகலம். கப்பல் உடைந்து கடலில் கைவிடப்பட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, தூரத்தில் தெரியும் ஒரு புள்ளியை நோக்கிக் கையசைக்கிறார்கள். ‘காட்டுத்தீ’யை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாலே எடுத்துக்கொண்டது புரியும்: குவிந்த உடல்கள், ஒதுங்க இடமில்லாத ஒரு துண்டுத் தளம், சாய்ந்து சரியும் கோடுகள், இருட்டைக் கிழித்து வரும் வெளிச்சம். விட்டுவிட்டதும் புரியும். ஜெரிக்கோ அடிவானத்தில் ஒரு கப்பலை வைத்தார், சின்னதாகவாவது. சாலேயின் படத்தில் அடிவானம் என்று ஒன்று இல்லை. பின்னால் தீ, கீழே பள்ளம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதுவரை அவர் வரைந்த வேட்டைப் படங்களில் எல்லாம் குதிரைக்காரன் இருப்பான், ஈட்டி இருக்கும், யாரோ யாரையோ கொல்வார்கள். மிருகம் மூர்க்கமாக இருக்கும், மனிதன் வீரனாக இருப்பான். இங்கே மூர்க்கம் முழுதும் தீயிடம் போய்விட்டது. புலியின் பல்லும் நகமும் வழக்கம்போல வெளியேதான் இருக்கின்றன, ஆனால் யாரை நோக்கி? கடிக்க எதிரி இல்லாத இடத்தில் பல்லைக் காட்டும் புலி பரிதாபமான பிராணி. வேட்டைப் படத்தில் நாம் குதிரைக்காரன் பக்கம் நின்று பார்ப்போம். இதில் நிற்பதற்குப் பக்கம் இல்லை. படத்தின் கீழ்விளிம்பு பள்ளம் என்பதால் பார்க்கிறவர் நிற்கும் இடமும் பள்ளத்துக்குள்தான். மிருகங்கள் விழுந்தால் நம்மீதுதான் விழும். மூன்று மீட்டர் உயரத்தின் உபயோகம் அது. சிறிதாக்கி அச்சிட்ட நகலில் இந்த உணர்வு வராது, திரையில் பார்த்தாலும் வராது.

சரி, ஐரோப்பாவில் கற்றது இவ்வளவு. ஊரிலிருந்து கொண்டுபோனது ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அது காடு அல்ல, அரண்மனைத் திடல்.

ஜாவா அரசவைகளில் புலியையும் எருமையையும் கூண்டுக்குள் விட்டு மோதவிடுவது பெரிய விழா. டச்சு, ஆங்கிலேய அதிகாரிகள் வந்தால் மரியாதையாக உட்காரவைத்துக் காட்டுவார்கள். பெரும்பாலும் எருமைதான் ஜெயிக்கும். வந்த விருந்தாளிக்குப் புரியாத நகைச்சுவை அதற்குள் இருந்தது. ஜாவாக்காரர்கள் எருமையைத் தங்களாகவும் புலியை ஐரோப்பியராகவும் பார்த்தார்கள். சட்டென்று பாய்ந்து குதறுவது புலி. நிதானமாக நின்று கடைசியில் குத்திச் சாய்ப்பது எருமை. சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ், அதற்கு முன் ஜாவாவை ஆண்டபோதே இந்த உவமையைக் கேட்டு எழுதி வைத்துவிட்டார். புரிந்துகொண்ட விருந்தாளி அவர். இன்னொரு வகை விழாவில் புலியைத் திடலில் திறந்துவிட்டுச் சுற்றிலும் ஈட்டிக்காரர்கள் வளையம் கட்டி நிற்பார்கள். எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஈட்டி. ‘ரம்போகான்’ என்று அதற்குப் பெயர்.

ஜாவாப் பிரபு வீட்டுப் பிள்ளைக்கு இந்த உவமை தெரியாமல் இருந்திருக்காது. அப்படியானால் ‘காட்டுத்தீ’யில் புலியும் காட்டெருதும் ஒரே பாறை விளிம்பில் ஒட்டி நிற்பது கொஞ்சம் உறுத்த வேண்டும். ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒரே தீயில் மாட்டிக்கொண்டார்கள் என்பது என் வாசிப்பு. சுற்றி வளைக்கப்பட்டு எந்தப் பக்கமும் போக முடியாத புலி ரம்போகான் திடலிலேயே அவர் கேள்விப்பட்டிருக்கக்கூடிய காட்சிதான். ஈட்டிக்காரர்களை எடுத்துவிட்டுத் தீயை வைத்திருக்கிறார். நாட்டின் பின்னணியும் அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் கப்பலேறியபோது ஜாவாவில் இளவரசர் திபோநெகோரோ தலைமையில் 1825 முதல் டச்சுக்காரர்களுக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்தது. சாலேயின் உறவினர்களே அதில் சம்பந்தப்பட்டுச் சிறைப்பட்டார்கள். 1830-இல் போர் முடிந்த கையோடு கவர்னர் ஜெனரல் வான் டென் போஸ் கட்டாயப் பயிர்முறையைக் கொண்டுவந்தார். கிராமங்கள் நெல் நிலத்தில் அரசுக்காகக் கரும்பும் அவுரியும் போட வேண்டியதாயிற்று. சாலேக்கு உதவித்தொகை கொடுத்த கஜானா இந்தப் பணத்தில் நிரம்பிய கஜானாதான். வான் டென் போஸ் என்ற பெயரில் வரும் போஸுக்கும் போஸ்பிராண்டில் வரும் போஸுக்கும் ஒரே பொருள், காடு. இது வெறும் தற்செயல், இதில் மர்மம் தேட வேண்டாம். ஆனாலும் டச்சு தெரிந்த யாரோ ஒருவர் அன்றைக்கே சிரித்திருப்பார்.

எல்லாம் சரி, இந்தப் படத்தை அவர் யாருக்குக் கொடுத்தார்? டச்சு அரசர் மூன்றாம் வில்லியமுக்கு, 1850-இல், அன்பளிப்பாக. அரசருக்குப் படம் கொடுப்பது நன்றியும்தான், விளம்பரமும்தான். இதிலேயே அரசியல் இருந்ததா என்று சந்தேகிப்பவர்கள் அடுத்த அன்பளிப்பைப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகு 1857-இல் சாலே திபோநெகோரோ கைதாகும் காட்சியை வரைந்து, அதே அரசருக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து மகெலாங்கில் பிடித்த கதை அது. டச்சு ஓவியர் பீனமன் முன்பே அதைச் சரணாகதி என்று தலைப்பிட்டு, இளவரசரை ஒடுங்கி நிற்கவைத்து வரைந்திருந்தார். சாலேயின் படத்தில் இளவரசர் நிமிர்ந்து கோபத்தோடு நிற்கிறார். டச்சு அதிகாரிகளின் தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கிறது. கிடைத்தவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, ஜாவாக் கண்ணுக்குப் பெருந்தலை என்றால் ராட்சசன் நினைவு வரும். மனிதத் தலையை இம்மி பிசகாமல் வரையக் கற்ற மனிதர், கை தவறி வரைந்தார் என்று நம்புவது கஷ்டம். இந்தோனேசியாவுக்கு அந்தப் படம் 1978-இல் திரும்பி வந்தது.

‘காட்டுத்தீ’க்கு அப்படித் திரும்பல் வாய்க்கவில்லை. அரச குடும்பத்தின் வசமே இருந்து, கடைசியில் சிங்கப்பூர் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. விற்ற விஷயம் பின்னால் வெளியே தெரிந்தபோது நெதர்லாந்தில் சலசலப்பு ஏற்பட்டது: பொதுச் சொத்தைப் போன்ற ஒன்றை உள்நாட்டு அருங்காட்சியகத்துக்குக் காட்டாமல் விற்கலாமா? அன்பளிப்பாக வந்த படம் குடும்பச் சொத்தா, நாட்டுச் சொத்தா? ஜாவாவுக்கு இதில் ஏதாவது பாத்தியதை உண்டா என்ற கேள்வி அங்கே அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. சிங்கப்பூர்க் கலைக்கூடம் 2015 நவம்பரில் திறந்தது. பழைய உச்ச நீதிமன்றமும் மாநகர மண்டபமும் சேர்த்து இணைத்த கட்டடம். ஆங்கிலேயர் கட்டிய கோர்ட்டில் ஜாவாவின் புலிகள் மாட்டியிருக்கின்றன.

சந்தையும் இவரை விடவில்லை. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் ஒரு வீட்டுச் சரக்கறையில் கிடந்த படம் 2018 ஜனவரியில் அங்குள்ள வான் (Vannes) நகரில் ஏலத்துக்கு வந்தது. காட்டு மாடான பான்டெங்கை வேட்டையாடும் 1855-ஆம் வருடப் படம். இரண்டு லட்சம் யூரோ போனால் ஜாஸ்தி என்று நினைத்தார்கள். சுத்தியல் விழுந்தது 72 லட்சம் யூரோவில்.

தப்பியவை இப்படி. தப்பாதவையும் உண்டு. 1931-இல் பாரிஸ் காலனிக் கண்காட்சியில் டச்சு மண்டபம் தீப்பிடித்து எரிந்தபோது உள்ளே இருந்த சாலேயின் படங்களும் போயின. ‘காட்டுத்தீ’ அன்றைக்கு அரசர் வீட்டில் பத்திரமாக இருந்தது.

படத்தில் இருக்கும் ஜாவாப் புலி இனி இல்லை. கிழக்கு ஜாவாவின் மேரு பெடிரியில் எழுபதுகளில் கடைசியாக அதன் தடயங்கள் கிடைத்தன, அத்தோடு சரி. அழித்தது தீ அல்ல, காடு வயலானதும் துப்பாக்கியும் விஷமும்.

ஊர் திரும்பிய சாலே பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவின் சிக்கினி பகுதியில், கோபர்க் பிரபுக்களின் காலென்பெர்க் கோட்டையை நினைவுபடுத்தும் கூரான வளைவுகளோடு ஒரு மாளிகை கட்டினார். சுற்றிப் பெரிய தோட்டம். அந்த நிலத்தின் ஒரு பகுதியை அவர் கொடுக்க, 1864-இல் அங்கே தாவர, விலங்கியல் பூங்கா தொடங்கியது. இந்தோனேசியாவின் முதல் மிருகக்காட்சிச் சாலை. கூண்டருகே உட்கார்ந்து தொழில் கற்றவர் கடைசியில் கூண்டுகளுக்கு இடம் கொடுத்தார். நூறு வருடம் அது அங்கேயே இருந்தது. 1960-களில் மிருகங்களை லாரிகளில் ஏற்றி நகரின் தெற்கே ரகுனானுக்குக் கொண்டுபோனார்கள். காலியான இடத்தில் இப்போது நாடக அரங்குகளும் ஒரு கோளரங்கமும் இருக்கின்றன. மாளிகை பக்கத்து மருத்துவமனை வளாகத்துக்குள் நிற்கிறது. அந்தப் பக்கம் ஆட்டோவில் போனால் ஜாலான் ராடென் சாலே என்று சொன்னால் போதும், இறக்கி விடுவார்கள்.